நம்பரைச் சரியாகத்தான் எழுதியிருந்தாய்

கண்ணு,

நீ போய்ச் சேர்ந்து மூன்று வாரம் ஓடிவிட்டது. ரூம் சூடாக இருக்கிறது, கம்பளி போதும், ரசப்பொடி கொட்டாமல் வந்து சேர்ந்தது, ரொட்டியைச் சுவரில் அடித்தால் சுவர்தான் உடையும் என்று எல்லாச் செய்தியையும் போனில் சொல்லிவிட்டாய். அப்புறம் எதற்கு லெட்டர் என்று உன் அப்பா கேட்கிறார். "வாய் இருக்கறப்ப பேனா எதுக்கு? அதுவும் உன் வாய்!" என்கிறார். அவருக்கு என்ன தெரியும். போனில் உன் குரலைக் கேட்டதும் எனக்கு ஏதாவது கேலி வந்துவிடும். கேலி வந்தால் சொல்ல வந்தது ஓடிவிடும். பேப்பரில் அப்படி நழுவ முடியாது, எழுதினது எழுதின இடத்திலேயே உட்கார்ந்து என்னை முறைக்கிறது. ஐந்தாவது வரை படித்த கை, பிழை இருந்தால் சிரித்துக்கொள். உன் கூட வேலை செய்கிற பசங்களுக்கும் படித்துக் காட்டு, எனக்கு வெட்கமில்லை.

ஏர்போர்ட்டில் நீ என்ன சொல்லிவிட்டுப் போனாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? "போய்ட்டு வரேங்கம்மா." அந்த 'ங்க' எதற்கடா? இருபத்தேழு வருஷமாக என்னை 'ஏய் அம்மா' என்றுதான் கூப்பிட்டாய். சோறு குழைந்தால் திட்டினாய், சட்டையில் சாயம் ஏறினால் திட்டினாய், டிவி ரிமோட் காணவில்லை என்றாலும் என்னைத்தான் திட்டினாய். உன் அப்பாவுக்குக்கூட அந்த 'ங்க' கிடைத்ததில்லை. மூன்று மாதமாக எனக்கு மட்டும் கிடைக்கிறது. போனிலும் அதே. "சாப்பிட்டீங்களாம்மா", "உடம்பைப் பாத்துக்கங்கம்மா." இன்சூரன்ஸ்காரன் மாதிரிப் பேசுகிறாய். நான் உன்னிடம் வாங்கின மரியாதை அது, எதற்கு வாங்கினேன் என்றும் தெரியும். அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. அதற்குத்தான் இந்த லெட்டர். கதை உனக்குத் தெரிந்ததுதான். என் பக்கத்தில் நின்று பார்த்தால் அது எப்படி இருந்தது என்பது உனக்குத் தெரியாது.

கம்பெனியில் உன்னையும் இன்னொருவரையும் பிரான்சுக்கு அனுப்பப் போகிறார்கள், புது மெஷினை ஓட்டக் கற்றுக்கொண்டு வரணும், ஆனால் அதற்கு முன் பிரெஞ்சுப் பரீட்சை பாஸ் பண்ணணும் என்று நீ வந்து சொன்ன நாளில் இருந்து நம் வீடு வீடாகவா இருந்தது? செல்போனில் பாண்டிச்சேரி மேடம் பாடம் எடுப்பார்கள். நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்வாய். "ஏன்டி, பையனுக்கு சளி ஏதாவது புடிச்சிருக்கா?" என்று அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அடுப்புக்கு மேலே சுவரில் நீ ஒட்டின வினைச்சொல் பட்டியலில் எண்ணெய் தெறித்து, தாளிக்கிறபோது கடுகு போய் ஒட்டி, ஒரு மாதத்தில் அதுவே ஒரு பலகாரம் மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. ஆனால் நீ தினமும் கத்துவதைக் கேட்டுக் கேட்டு, எந்த வரிக்கு எந்தச் சத்தம் என்று தெரிந்துபோனது. ரோஜா தரம் பிரிக்கிறவளுக்கு இது ஒரு கஷ்டமா? ஷெட்டில் மேஜை மேல் வந்து விழுகிற பூவைத் தண்டு நீளம் பார்த்து, இருபது இருபதாகக் கட்டி வைக்கிற கை இது. கண்ணால் பார்த்தே இது அந்தக் கட்டு, இது இந்தக் கட்டு என்று சொல்லிவிடுவேன்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த ஒரு காலம் வரும் வரைக்கும். நடக்காமல் போனதைச் சொல்கிற காலம். செய்திருப்பேன், போயிருப்பேன், வாங்கியிருப்பேன். மேடம் இரண்டு வாரம் முட்டிப் பார்த்தார்கள், உனக்கு ஏறவே இல்லை. எனக்குச் சிரிப்பாக இருந்தது. சூளகிரி பஸ்ஸில் ஏறினால் ஓசூர் வரும் வரை நம் ஆட்கள் இந்த ஒரே காலத்தில்தானே பேசுகிறார்கள்? 'அன்னிக்கு அந்த நெலத்தை விக்காம வச்சிருந்தா இன்னிக்கு நானும் கார்ல போயிருப்பேன்' என்பதற்குப் பாடம் எடுக்க ஒரு மேடம் வேண்டுமா! நீதான் தலையில் கை வைத்துக்கொண்டாய். 'செய்திருப்பேன்' என்பதற்கு முன்னால் அவர்கள் ஒரு சின்னச் சொல்லை நிறுத்துகிறார்கள். 'ஜொரே' என்று வரும். ஆனால் போவது, வருவது, பிறப்பது, சாவது போன்ற சிலதுக்கு மட்டும் அது ஆகாது, 'ஜ ஸெரே' என்று வேறொன்று வந்து நிற்கும். நீ போகிறதற்கும் வருகிறதற்கும் முதல் சொல்லையே போடுவாய். அதை விட்டால் இன்னொரு தப்பு. 'ஸி' என்று ஆரம்பித்தால், அதுதான் நம்ம 'ஆல்', அந்தப் பாதியில் 'ரே' வரக் கூடாது, மறு பாதியில்தான் வரணும். நீ இரண்டு பக்கமும் ரே ரே என்று போட்டு இழுப்பாய். நான் கரண்டியால் பாத்திரத்தில் தட்டுவேன். "ஸி பக்கத்துல ரே ஒக்காராதுடா. மேடம் எத்தனை வாட்டி சொன்னாங்க?" நீ என்னை அடிக்க வருவாய். அதெல்லாம் எவ்வளவு நல்ல நாள்.

அப்புறம் நீயே ஒரு வழி கண்டுபிடித்தாய். நான் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லணும், நீ அதைப் பிரெஞ்சில் திருப்பிச் சொல்லணும். கேலி பேசச் சொல்லி யாராவது என்னிடம் கேட்டால் விடுவேனா? "உங்கப்பா பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு பஸ் பஞ்சர் ஆகியிருந்தா, நான் தப்பிச்சிருப்பேன்." நீ எழுதி எழுதிப் பார்த்துத் திருப்பிச் சொன்னாய். டூட்டி முடிந்து வந்து, கம்பெனி பஸ் சாவியைக் கூடக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்த அப்பா, "பஞ்சர் ஆச்சுடி. உத்தனப்பள்ளியில இருந்து நான் நடந்தே வந்தேன்" என்றார். நாம் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. அப்படி ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம். நீ தேறிக்கொண்டு வந்தாய். மேடமே கேட்டார்களாமே, வீட்டில் யார் சொல்லித் தருகிறார்கள் என்று.

அந்தச் சாயங்காலம் நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். உன்னை இன்னும் ஐந்து வாக்கியம் கேட்கணும், எனக்குக் கை ஓயவில்லை. "இன்னிக்கு நீயே சொல்லிக்கடா" என்றேன். நீ கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, முதலில் தமிழில் சொன்னாய். "அந்த ஃபாரத்துல போன் நம்பரைச் சரியா எழுதியிருந்தா, நான் அந்த ஸ்கூல்ல சேந்திருப்பேன்." அப்புறம் அதையே பிரெஞ்சில் சொன்னாய். ஒரு தப்பு இல்லை. ஸி பக்கத்தில் ரே வரவில்லை. நான் தட்டுவதற்கு ஒன்றும் இல்லை. நீ சாதாரணமாகத்தான் சொன்னாய், பஸ் பஞ்சர் மாதிரி. ஆனால் எனக்கு அதுவரைக்கும் தெரியாதடா. பத்தாவதில் நீ அவ்வளவு மார்க் வாங்கி, நுழைவுப் பரீட்சையும் எழுதி, சேலம் பக்கத்து ஹாஸ்டல் ஸ்கூலில் சீட் வரும் என்று காத்திருந்து, வராமல் போனதே, அது உன் கையெழுத்தால் போனது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்பது எனக்குத் தெரியாது. பத்து நாள் கழித்து உன் ஹெட்மாஸ்டர் விசாரித்தபோது, 'அந்த நம்பர் தப்பு, வேறு யாருக்கோ போகுது, சீட்டை அடுத்த பையனுக்குக் குடுத்துட்டோம்' என்று அவர்கள் சொன்னார்களாம். அதையும் நீ அன்றைக்குத்தான் சொன்னாய், அதுவரை என்னிடம் சொல்லவே இல்லை. நீ எந்த எண்ணை எழுதினாலும் மூன்று முறை சரிபார்ப்பாயே, அது எங்கிருந்து வந்த பழக்கம் என்று களிப் பானைக்கு முன்னால் நின்றுகொண்டுதான் எனக்குத் தெரிந்தது.

களி கிண்டும்போது கையை நிறுத்த முடியாது, நிறுத்தினால் கட்டி விழும். அதனால் நான் உன் பக்கம் திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னேன். "நம்பரைச் சரியாத்தான் எழுதியிருந்தே." நீ, "என்ன?" என்றாய். "போன் வந்துச்சுடா. மூணு வாட்டி வந்துச்சு. நான்தான் கன்னடத்துல பேசி வச்சிட்டேன்."

என் வழக்கம் உனக்குத் தெரியும். லோன் வேணுமா, கார்டு வேணுமா என்று யாராவது தமிழில் கூப்பிட்டால் கன்னடத்தில் பேசுவேன். கன்னடத்தில் கூப்பிட்டால் தெலுங்கு. எங்கள் ஷெட்டில் இது ஒரு விளையாட்டு, என் போன் அடித்தாலே நான்கு பேர் வேடிக்கை பார்க்க வருவார்கள். அன்றைக்கும் ரோஜாக் கட்டு கையில் இருந்தது. எடுத்தேன். நல்ல தமிழ். உன் பேரைச் சொல்லி, ஸ்கூல் பேரைச் சொல்லி, "அவங்க வீடுங்களா?" என்று கேட்டார். எனக்கு எல்லாம் புரிந்தது. "தமிழ் பரல்லா ரீ. ராங் நம்பர்" என்று, தமிழ் வராது என்று கன்னடத்தில் சொல்லி, வைத்துவிட்டேன். பக்கத்து மேஜை முனிரத்னா சிரித்துவிட்டு, "யாருக்கா, கார்டுக்காரனா?" என்றாள். "ஆமாடி" என்றேன். சாயங்காலம் மறுபடி. அடுத்த நாள் ஒருமுறை. மூன்று முறையும் அதே பதில். முதல் முறை வாய் தவறிச் சொன்னேன் என்று வைத்துக்கொண்டாலும், மூன்றாவது முறைக்குச் சாக்கு கிடையாது. வீட்டுக்கு வந்தால் நீ வாசலிலேயே, "போன் வந்துச்சாம்மா?" என்பாய். "வரல கண்ணு." கண்ணு என்று வேறு சொல்லியிருக்கிறேன் பார்.

நான் சொல்லி முடித்தபோது களியில் கட்டி விழுந்திருந்தது. திரும்பிப் பார்த்தால் நீ நோட்டை மூடிவிட்டாய். கத்துவாய் என்று நினைத்தேன், கரண்டியைப் பிடுங்கி எறிவாய் என்று நினைத்தேன். நீ, "சரிங்கம்மா" என்றாய். அந்த 'ங்க' பிறந்தது அப்போதுதான். கட்டி விழுந்த களியை ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டாய். எனக்கு அதைவிட வேறென்ன தண்டனை வேண்டும்? நான்கு நாள். "தண்ணி வேணுமா?" "வேணாங்கம்மா." "துணி துவைக்கணுமா?" "நானே பாத்துக்கறேங்கம்மா." அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "பையன் பரவாயில்லையே, திருந்திட்டான்" என்று சந்தோஷப்பட்டார். மூன்றாம் நாள் காலையில் நீ ஷூவை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், ஒரே ஒரு வாக்கியம் பிரெஞ்சில் சொன்னாய். "ட்யூ ஒரே ப்யூ ம ல தீர்." எனக்குப் புரியாது என்று நினைத்துத்தான் சொன்னாய். அது சுவரில் மூன்றாவது வரியில் உதாரணமாக இருக்கிறதடா. அதற்குப் பக்கத்தில் நீ தமிழில் எழுதி வைத்திருந்தாய், நீ என்கிட்ட சொல்லியிருக்கலாம் என்று. அன்றைக்கு ஷெட்டில் நான் நீளத் தண்டையும் குட்டைத் தண்டையும் ஒரே கட்டில் கட்டி, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் நீயே வந்து சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்தாய். பரீட்சைக்குப் பதினைந்து நாள்கூட இல்லை. "அடுத்த வாக்கியம் சொல்லுங்கம்மா" என்றாய். எனக்கு வாய் வரவில்லை, என் வாய்க்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள். நீயே சொன்னாய். "நீங்க சொல்லாமயே இருந்திருந்தா, நான் சாகற வரைக்கும் என் கையெழுத்தையே திட்டிக்கிட்டு இருந்திருப்பேன்." சொல்லிவிட்டு அதையும் பிரெஞ்சில் மாற்றினாய். அதில் எங்கேயோ தடுக்கியது, நான் பழக்கத்தில் கரண்டியால் தட்டிவிட்டேன். நீ திருத்திக்கொண்டாய். அன்றைக்கு ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். பதினோரு வருஷமாகச் சேலையில் முடிந்து வைத்திருந்த கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. உனக்கும் கொஞ்சம் இறங்கியிருக்கும். தப்பு உன் கையில் இல்லை என்று தெரிந்ததே.

பெங்களூரில் நீ பரீட்சை எழுதி, பேச்சுத் தேர்வும் முடிந்து வெளியே வந்தபோது, நான் எதிரே பேக்கரியில் மூன்றாவது டீ குடித்துக்கொண்டிருந்தேன். "அந்த 'செஞ்சிருப்பேன்' காலத்துல கேட்டாங்களா?" என்றேன். "கேட்டாங்க. நல்லாச் சொன்னேங்கம்மா" என்றாய். என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை, கேட்க எனக்குத் தைரியமில்லை. ரிசல்ட் வந்த அன்றைக்கு ஷெட் முழுக்க மைசூர் பாக்கு கொடுத்தேன். முனிரத்னாவிடம் மட்டும் இரண்டு துண்டு கொடுத்துவிட்டு, பதினோரு வருஷத்துக்கு முன் அன்றைக்கு வந்தது கார்டுக்காரன் போன் இல்லையடி, பையன் ஸ்கூல் போன் என்று சொன்னேன். அவள் மைசூர் பாக்கைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, நீ மனுஷியா?" என்றாள். அவளாவது கேட்டாளே என்று இருந்தது.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். ஏன் செய்தேன் என்று நீ கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அப்பாவிடம் கேட்டால், 'ஒரே பையன், பிரிஞ்சி இருக்க மாட்டா' என்பார். அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் அது இல்லை.

அந்த ஸ்கூலுக்குப் பரீட்சை எழுத நாம் இரண்டு பேரும் பஸ்ஸில் போனோமே. நான் கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தேன். எழுதி முடித்ததும் ஒரு சார் பெற்றோரையும் பார்க்கணும் என்று கூப்பிட்டார். அங்கே வந்திருந்த மற்ற அம்மாக்கள் எல்லாம் சன்னமாக, இங்கிலீஷ் கலந்து பேசினார்கள். நம் முறை வந்தது. "பையனுக்கு எதுல ஆர்வம்?" என்று சார் கேட்டார். என் வாய் சும்மா இருக்குமா? "சோத்துல சார்" என்றேன். சார் சிரிக்கவில்லை. நீ என் கையைப் பிடித்து அழுத்தி, காதுக்குள், "நீ பேசாதம்மா. நான் பேசிக்கறேன்" என்றாய். அவ்வளவுதான். திரும்பி வரும்போது சேலத்திலிருந்து கிருஷ்ணகிரி வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நீ வேர்க்கடலை தின்றுகொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாய், கவனிக்கவே இல்லை. நான் நினைத்துக்கொண்டேன்: இரண்டு வருஷம் இவன் அங்கே இருந்தால், அம்மா கேட்டுக்கு வந்தால்கூட வெளியே வர மாட்டான். ஒரு மாதம் கழித்துப் போன் வந்தது. பேசாதே என்று சொல்லப்பட்ட வாய், தமிழே தெரியாது என்று சொல்லிவிட்டது.

பதினைந்து வயசுப் பையன் கூச்சப்பட்டு ஒரு வார்த்தை சொன்னதற்கு, முப்பத்தைந்து வயசுக்காரி செய்த வேலை இது. எழுதிப் பார்த்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது. நீ அங்கே படித்திருந்தால் என்ன ஆகியிருப்பாய் என்று எனக்குத் தெரியாது. 'பாலிடெக்னிக் படிச்சதாலதானே இன்னிக்கு பிரான்ஸ்' என்று அப்பா சொன்னால் நம்பாதே. அது எனக்காகச் சொல்வது. என்னை மன்னித்துவிடு கண்ணு. களிப் பானைக்கு முன்னால் இதை நான் கேட்கவில்லை. உனக்கு நாளைக்குப் பெண்டாட்டி, பிள்ளை என்று வரும்போது, யாராவது ஒரு சொல்லால் உன்னைக் குத்தினால், அன்றைக்கே முகத்துக்கு நேரே, 'ஏன் அப்படிச் சொன்னே?' என்று கேட்டுவிடு. என்னைப் போல ஒரு மாதம் ஊற வைக்காதே. என்னிடம் எடுத்துக்கொள்ள வேறு புத்தி எதுவும் இல்லை, இது ஒன்றுதான்.

லெட்டரை இங்கேயே முடித்து, நாளைக்குக் கூரியரில் போடலாம் என்று இருந்தேன். அதற்குள் இன்று சாயங்காலம் நான் ஷெட்டிலிருந்து வந்து கை கால் கழுவும்போது நீயே கூப்பிட்டாய், அங்கே உனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். "என்ன பண்றீங்கம்மா?" என்றாய். லெட்டர் எழுதுகிறேன் என்றேன். "படிச்சுக் காட்டுங்க" என்றாய். நான் கேலி பேசி நழுவப் பார்த்தேன், நீ விடவில்லை. அந்தச் சேலம் பக்கத்தை மட்டும் தட்டித் தடுமாறிப் படித்தேன். முடித்ததும் நீ கேட்டாய்.

"நான் அப்படியா சொன்னேன்?"

"சொன்னே."

"எனக்கு ஞாபகமே இல்ல." அப்புறம் ஆரம்பித்தாய். "அதுக்காகவா? ஒரு வார்த்தைக்கா? ஏய் அம்மா, உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா? வீட்டுக்கு வந்து என்னை நாலு அறை விட்டிருக்கலாம்ல? பாங்க்ல சலான் எழுதறப்ப மூணு வாட்டி நம்பரைப் பாக்கறேன், பின்னாடி நிக்கறவன் கத்தறான். நீ பக்கத்துல நின்னுக்கிட்டு, 'எவ்ளோ நேரம்டா, நம்பருக்குக் கல்யாணமா பண்ணப் போறே'ன்னு கிண்டல் வேற பண்ணுனே! நீயெல்லாம் ஒரு..." அதற்கு மேல் நீ சொன்னதை நான் எழுதப் போவதில்லை, ஊரே படிக்கும். பத்து நிமிஷம் மூச்சு விடாமல் திட்டினாய். நடுவில் அழுதாய், மூக்கைச் சிந்தினாய், மறுபடி திட்டினாய். ஒரு 'ங்க' இல்லை. நான் ஈரக் கையோடு அப்படியே படியில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் கேட்டேன்.

நீ மூச்சு வாங்கினபோது, "இன்னும் இருக்கா?" என்றேன்.

"இருக்கு. சாப்பாட்டு டைம் முடிஞ்சிருச்சு. நாளைக்குப் பேசறேன்" என்று பட்டென்று வைத்துவிட்டாய்.

அப்பா வந்து, "என்னடி, தனியா ஒக்காந்து சிரிக்கறே? கண்ணுல தண்ணி வேற" என்றார். "உங்க பையன் என்னைத் திட்டிட்டான்" என்றேன். "அதுக்கா சிரிக்கறே?" என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

நாளைக்கு ஷெட்டில் சொல்லிவிட்டு அரை மணி முன்னாலேயே வந்துவிடுவேன். நீ அவசரப்படாதே. சாப்பிட்டு முடித்து, தண்ணி குடித்து, மீதியை நிதானமாகத் திட்டு.

அம்மா